மதிய மணிக்கு அப்பால்: அமெரிக்கப் பள்ளிகளில் தின்பண்ட விற்பனையும் ஊட்டச்சத்து விதிகளும்

பள்ளி வளாகத்துக்குள் பிள்ளைகளுக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று பொது நிர்வாகம் வரையறுக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் தோன்றியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதன் தொடக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்கிறது. பாஸ்டன் நகர உயர்நிலைப் பள்ளிகளில் அக்காலத்தில் மதிய வேளையில் மாணவர்களுக்கு உணவு விற்றவர்கள், கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பராமரித்துவந்த ஊழியர்களே. 1894-இல் நகரின் பள்ளிக் குழு, தன் ஒப்புதல் பெற்ற உணவை மட்டுமே பள்ளிக் கட்டடங்களில் விற்கலாம் என்று முடிவெடுத்து, அதை வழங்கும் பொறுப்பை 'நியூ இங்கிலாந்து கிச்சன்' என்ற பொதுச் சமையற்கூடத்திடம் ஒப்படைத்தது. அக்கூடத்தை நடத்தியவர்களுள் முதன்மையானவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற முதல் பெண்ணும், உணவையும் குடிநீரையும் ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்த வேதியியலாளருமான அவர், குறைந்த செலவில் நிறைந்த சத்து என்பதையே தம் அளவுகோலாகக் கொண்டவர். அதன்பின் வந்த நூற்றிருபது ஆண்டுகளில் எழுந்த வழக்குகள் பலவற்றின் கரு பாஸ்டனின் அந்த ஒரு முடிவிலேயே இருந்தது. எந்த உணவு பிள்ளைக்கு நல்லது என்பதில் பெரிய ஐயம் எக்காலத்திலும் இருந்ததில்லை; பள்ளியின் எந்த அறையில், எந்த நேரத்தில் யாருடைய அதிகாரம் செல்லும், விற்ற காசு யார் கைக்குப் போகும் என்பவற்றைச் சுற்றியே இவ்வரலாறு நகர்ந்தது.

20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் நகர்ப்புற ஏழ்மையைப் பற்றி எழுதியவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தனர். ராபர்ட் ஹண்டர் 1904-இலும் ஜான் ஸ்பார்கோ 1906-இலும் வெளியிட்ட நூல்கள், வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரும் பிள்ளைக்குக் கட்டாயக் கல்வியால் என்ன பயன் என்ற கேள்வியை எழுப்பின. நியூயார்க்கில் மேபல் ஹைட் கிட்ரெட்ஜ் 1908-இல் தொடங்கிய பள்ளி உணவுக் குழு, சில காசுகளுக்குச் சூடான உணவு கொடுத்தது. பள்ளி வாசலில் நின்ற தள்ளுவண்டிகள் அன்றைய சீர்திருத்தக்காரர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தன. கையில் ஒரு காசு கிடைத்த பிள்ளை அதை மிட்டாய்க்கும் ஊறுகாய்க்கும் கொடுத்துவிட்டு மதியத்தைக் கழித்தது. அந்தத் தள்ளுவண்டி பின்னாளில் பள்ளிக்குள்ளேயே இடம்பிடிக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தேசிய அளவில் பள்ளி உணவுக்கு வழிவகுத்தது கருணையைக் காட்டிலும் வேளாண் உபரியும் போரும்தான். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் விலை போகாமல் தேங்கிய விளைபொருளை அரசே வாங்கி, 1935-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்றின் துணையோடு பள்ளிகளுக்கு அனுப்பியது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, இளைஞர் பலர் ஊட்டக் குறைவின் விளைவுகளால் தகுதியற்றவர்களாக ஒதுக்கப்பட்டனர்; ஆட்சேர்ப்புக்குத் தலைமை தாங்கிய படைத்தலைவர் லூயிஸ் ஹெர்ஷி இதை நாடாளுமன்றக் குழுவின் முன் எடுத்துரைத்தார். ஜார்ஜியா மாநிலத்தின் செனட் உறுப்பினர் ரிச்சர்ட் ரஸ்ஸல் முன்னின்று கொண்டுவந்த தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் அதிபர் ஹாரி ட்ரூமன் 1946 ஜூன் 4 அன்று கையெழுத்திட்டார். பிள்ளைகளின் நலத்தைக் காப்பது நாட்டின் பாதுகாப்புக்கான நடவடிக்கை என்பதையும், உள்நாட்டு விளைபொருளின் நுகர்வு பெருக வேண்டும் என்பதையும் அச்சட்டம் தன் நோக்கங்களாக ஒருசேர அறிவித்தது. நடத்தும் பொறுப்பு நலவாழ்வுத் துறைக்குப் போகாமல் வேளாண் துறைக்குப் போனதற்கும் அதுவே காரணம்.

இச்சட்டத்தின் கீழ் முழு உணவாகக் கருதப்பட்ட 'ஏ' வகைத் தட்டில் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பால், இரண்டு அவுன்சு இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரத உணவு, முக்கால் கோப்பைக் காய்கனி, ரொட்டி, இரண்டு தேக்கரண்டி வெண்ணெய் ஆகியவை இருந்தாக வேண்டும். அரசு உதவித்தொகை தட்டுக் கணக்கில் வழங்கப்பட்டது. தட்டுக்குப் பக்கத்தில், அதே கூடத்தில், வேறொருவர் என்ன விற்கலாம் என்பது பற்றி அன்றைய சட்டம் எதுவும் சொல்லவில்லை. பின்னாளில் 'போட்டி உணவு' என்ற பெயர் பெற்றவை இவைதாம்: அரசு உதவி பெறும் சாப்பாட்டுத் திட்டத்துக்கு வெளியே, பள்ளிக்குள் தனிக்காசுக்கு விற்கப்படும் மிட்டாய், வறுவல், குளிர்பானம், சிற்றுண்டிச் சாலையில் தனித்தனியாகக் கிடைக்கும் பண்டங்கள், தானியங்கி விற்பனை இயந்திரங்கள், மாணவர் கடைகள், மன்றங்கள் நிதி திரட்ட நடத்தும் விற்பனைகள் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும்.

இந்தப் போட்டி எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பள்ளிச் சமையலறையின் அடுப்பு, ஆட்கள், பாத்திரம் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் மாறாதது. ஆகவே, காசு கொடுத்துச் சாப்பிடக்கூடிய பிள்ளை ஒன்று தட்டை விட்டு இயந்திரத்துக்குப் போகும்போது, எஞ்சியுள்ள ஒவ்வொரு தட்டின் அடக்கவிலையும் ஏறுகிறது. விலை ஏறினால் மேலும் சிலர் விலகுவார்கள். கடைசியில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்கள் இலவச உணவுக்குத் தகுதி பெற்ற ஏழைப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அந்த வரிசையில் நிற்பதே வீட்டு நிலையை ஊருக்குச் சொல்வதாக ஆகிவிட, பசியோடு இருக்கும் வளரிளம் பிள்ளையும் வெட்கத்தால் அதைத் தவிர்க்கும். வறுவல் பொட்டலத்தின் கேடு அதைத் தின்ற பிள்ளையோடு நிற்கவில்லை. அதை வாங்க வழியில்லாத பிள்ளையின் தட்டையும் அது தொட்டது. ஊட்டச்சத்து விவாதங்களில் கலோரிக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இந்த அநீதிக்குக் கிடைக்கவில்லை.

1966-இல் குழந்தை ஊட்டச்சத்துச் சட்டம் வந்தது. 1969 டிசம்பரில் வெள்ளை மாளிகை கூட்டிய உணவு மாநாடு பள்ளி உணவின் குறைகளை அலசியது. அந்தச் சூழலில், 1970-இல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், போட்டி உணவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை முதன்முறையாக வேளாண் துறைச் செயலருக்குக் கொடுத்தது. அந்த அதிகாரம் இரண்டே ஆண்டுகள் நிலைத்தது. 1972-ஆம் ஆண்டுத் திருத்தம், விற்ற வருவாய் பள்ளிக்கோ பள்ளியின் ஒப்புதல் பெற்ற மாணவர் அமைப்புக்கோ சேருமானால், அரசு உணவு பரிமாறப்படும் நேரத்திலும் இடத்திலும்கூடப் போட்டி உணவை விற்கலாம் என்று வழிவிட்டது. இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் இந்த ஒரு விதிதான். அதுவரை தின்பண்ட வணிகனும் பள்ளியும் வேறு வேறு தரப்புகளாக இருந்தன. அன்று முதல் வாத்தியக் குழுவின் சீருடையும், விளையாட்டு அணியின் பேருந்துப் பயணமும், நூலகத்தின் புதிய நூலும் மிட்டாய் விற்பனையின் லாபத்தோடு பிணைக்கப்பட்டன. நல்லெண்ணம் கொண்ட தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும்கூடத் தம்மையறியாமல் குளிர்பானத் தொழிலின் பக்கம் நின்று வாதாட நேர்ந்தது.

1977-இல் காங்கிரஸ் அதிகாரத்தைச் செயலரிடம் திருப்பிக் கொடுத்தது. 1978-இல் முன்வைத்த வரைவைத் திரும்பப் பெற்று, 1979-இல் திருத்தி, 1980 ஜனவரியில் வேளாண் துறை இறுதி விதிகளை வெளியிட்டது. அவற்றின் மையமாக இருந்தது 'மிகக் குறைந்த ஊட்டமதிப்புள்ள உணவு' என்ற வகைப்பாடு. புரதம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி, நியாசின், ரிபோஃபிளேவின், தயமின், கால்சியம், இரும்பு ஆகிய எட்டுச் சத்துகளுள் ஒன்றுகூட, 100 கலோரிக்கோ ஒரு முறை உண்ணும் அளவுக்கோ, நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவில் 5 விழுக்காட்டை எட்டாத பண்டம் அவ்வகையில் சேரும். பட்டியலில் நான்கு பிரிவுகள் இருந்தன: சோடா பானங்கள், பழச்சாறு சேராத ஐஸ் குச்சிகள், சூயிங்கம், குறிப்பிட்ட சில மிட்டாய்கள். மிட்டாய்ப் பிரிவு நுணுக்கமாக வகுக்கப்பட்டிருந்தது. கடித்தால் உடையும் கெட்டி மிட்டாய், ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சர்க்கரைப் பாகைக் குழைத்துச் செய்த ஃபாண்டன்ட், அதிமதுர மிட்டாய், பஞ்சுமிட்டாய், பாகு பூசிய சோளப்பொரி என ஏழு வகைகள் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டன.

எட்டுச் சத்துகளில் ஒன்று 5 விழுக்காட்டைத் தொட்டால் போதும் என்ற அளவுகோல், எது இல்லை என்று மட்டுமே கேட்டது. எது அளவுக்கு மீறி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆகையால் நிலக்கடலையோ பாலோ சேர்ந்த சாக்லேட் கட்டிகளும், எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலும், வெண்ணெய் பிஸ்கட்டும் தடைக்கு வெளியே நின்றன. அவற்றின் கொழுப்பு, சர்க்கரை, உப்பு எதற்கும் உச்சவரம்பு இல்லை. ஊட்டக் குறைவை அஞ்சிய தலைமுறை எழுதிய விதி அது. எலும்பும் தோலுமான பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியதால், மிகையால் வரும் நோய் அதன் கண்ணில் படவில்லை. அதற்காக அதை எழுதியவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. ஆயினும் அந்தப் பட்டியல் அடுத்த 34 ஆண்டுகள் கூட்டாட்சி விதியாக நீடித்ததற்கு அவ்வாறு சமாதானம் சொல்ல இயலாது.

அந்த விதியும் முழு வலிமையோடு நடைமுறையில் இருக்கவில்லை. பள்ளி தொடங்கும் நேரம் முதல் கடைசி மதிய உணவு வேளை முடியும் வரை, வளாகம் முழுவதும் பட்டியலிட்ட பண்டங்களை விற்கக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டு விதி கூறியது. தேசிய மென்பானச் சங்கம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983 நவம்பரில், காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தைச் செயலர் மீறிவிட்டார் என்றும், உணவு பரிமாறும் இடத்தில், பரிமாறும் நேரத்தில் மட்டுமே அவருடைய கட்டுப்பாடு செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. 1985-இல் விதி அவ்வாறே சுருக்கப்பட்டது. நடைமுறையில் இதன் பொருள் எளியது: சாப்பாட்டுக் கூடத்தின் கதவுக்கு உட்புறம் சோடா விற்கக் கூடாது, கதவைத் தாண்டித் தாழ்வாரத்தில் இயந்திரத்தை வைத்தால், மதிய மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே விற்கலாம்.

இதே காலத்தில் பள்ளிகளின் நிதிநிலை நெருக்கடிக்கு உள்ளாகியிருந்தது. கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, பள்ளிகளைத் தாங்கிவந்த சொத்து வரிக்கு வரம்பு கட்டியது. 1981-இல் ரேகன் அரசு குழந்தை ஊட்டச்சத்துத் திட்டங்களின் நிதியைப் பெருமளவு வெட்டியது. தக்காளி கெட்சப்பையும் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாம் என்று அவ்வாண்டு செப்டம்பரில் எழுந்த முன்மொழிவு பலத்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது என்றாலும், வெட்டப்பட்ட நிதி திரும்பவில்லை. அந்த வெற்றிடத்தில் 1990-களில் பரவியதுதான் தனியுரிமை ஒப்பந்தம்: ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நிறுவனத்தின் பானம் மட்டும் விற்கப்படும், ஈடாக நிறுவனம் முன்பணமும் விற்பனையில் பங்கும் கொடுக்கும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் 11-ஆம் பள்ளி மாவட்டம் 1997-இல் கோகோ கோலாவுடன் பத்தாண்டுக்கு, 80 லட்சம் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள ஒப்பந்தம் செய்தது. முதல் மூன்று ஆண்டுகளுள் ஓராண்டிலேனும் 70,000 பெட்டிகள் விற்றாக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விற்பனை பின்தங்கியபோது, 1998-இல் மாவட்ட அலுவலர் ஒருவர் தலைமையாசிரியர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், இயந்திரங்களை மாணவர் எளிதில் அணுகக்கூடிய இடத்தில் வைக்கவும், நாள் முழுவதும் வாங்க இசைவளிக்கவும் அறிவுறுத்தினார். பின்னர் அச்சிதழ்களில் வெளியான அச்சுற்றறிக்கை நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், ஜார்ஜியாவின் கிரீன்பிரையர் உயர்நிலைப் பள்ளி, நிறுவனம் ஒன்றின் பரிசுத் தொகைக்காகக் 'கோக் நாள்' கொண்டாடியபோது, எதிர் நிறுவனமான பெப்சியின் பெயர் பொறித்த சட்டையோடு நின்ற மாணவர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கல்விக்கு வரிப்பணம் கொடுக்க மறுத்த சமூகம், அதே பணத்தைத் தன் பிள்ளைகளின் சில்லறைக் காசிலிருந்து, சர்க்கரை வழியாகத் திரட்டிக்கொண்டது என்றே இதைக் கூற வேண்டும்.

2003–04 கல்வியாண்டைப் பற்றி அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பள்ளிகள் போட்டி உணவை விற்றதாகவும், உயர்நிலைப் பள்ளிகளுள் சுமார் 30 விழுக்காடு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கு மேல் அதில் ஈட்டியதாகவும் மதிப்பிட்டது. பிள்ளைகளின் உடல் பருமனோ, 1970-களின் தொடக்கத்தில் இருபதில் ஒருவர் என்ற அளவிலிருந்து 2004-ஐ ஒட்டி ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறியிருந்தது. கூட்டாட்சி அரசின் கை கட்டப்பட்டிருந்ததால், முதல் அடியை எடுத்துவைத்தவை நகரங்களும் மாநிலங்களுமே. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2002 ஆகஸ்டில் சோடா விற்பனையை நிறுத்த முடிவெடுத்து 2004 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. அர்க்கன்சாஸ் 2003-இல் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு விற்பனை இயந்திரங்களை மூடியது. கலிஃபோர்னியா 2005-இல் இயற்றிய சட்டம் புதிய பாதையைத் திறந்தது: தின்பண்டத்தின் கலோரியில் கொழுப்பு 35 விழுக்காட்டையும், நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டையும், எடையில் சர்க்கரை 35 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று அது விதித்தது. மிகைக்கு வரம்பு கட்டும் இந்த அளவுகள் பின்னர் தேசிய விதியிலும் பெரும்பாலும் இடம்பெற்றன.

2006 மே மாதத்தில் பெரிய குளிர்பான நிறுவனங்கள், கிளிண்டன் அறக்கட்டளையும் அமெரிக்க இதயச் சங்கமும் இணைந்து நடத்திய அமைப்போடு உடன்பட்டு, பள்ளிகளிலிருந்து முழுச் சர்க்கரை சோடாவைத் தாமே விலக்க முன்வந்தன. 2004-ஐ ஒப்பிட, பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பானங்களின் கலோரி 88 விழுக்காடு குறைந்ததாக 2010-இல் அத்தொழிலின் சங்கம் அறிவித்தது. நீதிமன்றம் தடுத்ததைத் தொழிலே செய்ததற்கு, மாநிலச் சட்டங்கள் பெருகியதும் வழக்கு அச்சமும் காரணங்களாக இருந்தன என்பதை மறக்கலாகாது. 2007-இல் மருத்துவக் கழகம் என்ற தேசிய அறிவியல் அமைப்பு, பள்ளியில் விற்கப்படும் அனைத்துக்கும் அறிவியல் அடிப்படையிலான தரங்களைப் பரிந்துரைத்தது.

2010 ஏப்ரலில் ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள் சிலர் வெளியிட்ட அறிக்கை, 17 முதல் 24 வயதுக்கு உட்பட்டோரில் 27 விழுக்காட்டினர் உடல் எடையால் படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்று கூறியது. 1946-இல் மெலிவை முன்னிட்டு எழுந்த அதே வாதம் இப்போது பருமனை முன்னிட்டு எழுந்து, இரு கட்சிகளின் செவியிலும் விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஆரோக்கியமான, பசியற்ற குழந்தைகள் சட்டம், 1983-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுப்பிய சுவரை இடித்தது: வளாகம் முழுவதிலும், பள்ளி நாள் முழுவதிலும் விற்கப்படும் எல்லா உணவுக்கும் தரம் வகுக்கச் செயலருக்கு அதிகாரம் கிடைத்தது. வரைவு விதிக்கு இரண்டரை லட்சத்தை நெருங்கிய கருத்துரைகள் வந்தன. 'ஸ்மார்ட் ஸ்நாக்ஸ்' என்று அழைக்கப்பட்ட இடைக்கால இறுதி விதி 2013 ஜூனில் வெளியாகி, 2014 ஜூலை 1 முதல் செல்லுபடியாயிற்று.

பள்ளி நாள் என்பதை இவ்விதி முந்தைய நள்ளிரவு முதல், வகுப்புகள் முடிந்து 30 நிமிடம் வரை என்று வரையறுத்தது. தின்பண்டம் ஒன்று 200 கலோரிக்கு மிகாமல், கலிஃபோர்னியா வகுத்த கொழுப்பு, சர்க்கரை வரம்புகளுக்குள் இருக்க வேண்டும். சோடியம் 230 மில்லிகிராமாகத் தொடங்கி 2016-இல் 200 ஆகக் குறைக்கப்பட்டது. அதோடு, அது முழுத் தானியம் மிகுந்ததாகவோ, காய், கனி, பால், புரத உணவு ஆகியவற்றுள் ஒன்றை முதல் மூலப்பொருளாகக் கொண்டதாகவோ இருப்பதும் முக்கிய நிபந்தனை. 28 கிராம் எடையுள்ள சாதாரண உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை இதில் வைத்துப் பார்க்கலாம். அதில் ஏறத்தாழ 160 கலோரி. கலோரி வரம்பில் தேறிவிடும். கொழுப்பு 10 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கில் 90 கலோரி கொழுப்பிலிருந்தே வருகிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் என்பதால் 35 விழுக்காட்டு வரம்பில் அது விழுந்துவிடும். 1980-ஆம் ஆண்டுப் பட்டியலில் சிக்காமல் தப்பிய பண்டம் ஒற்றை வகுத்தல் கணக்கில் வெளியேறியது.

ஆயினும், எண்ணால் கட்டிய விதிக்கு எண்ணாலேயே ஈடு கொடுத்தது தொழில். கொழுப்பைக் குறைத்து, முழுத் தானிய மாவைச் சேர்த்து, பழைய பெயரும் பழைய வண்ண உறையும் மாறாத பள்ளிப் பதிப்புகள் சந்தைக்கு வந்தன. பள்ளியில் விதிக்கு உட்பட்டதை வாங்கிப் பழகிய பிள்ளை, தெருமுனைக் கடையில் அதே உறையில் உட்படாததை வாங்கும். உயர்நிலைப் பள்ளிகளில் கலோரியற்ற செயற்கை இனிப்புப் பானங்களுக்கு இடம் விடப்பட்டது. எப்போதாவது நடக்கும் நிதி திரட்டல்களுக்கு விலக்களிக்கும் உரிமை மாநிலங்களிடம் விடப்பட்டபோது, ஜார்ஜியா ஒரு பள்ளிக்கு ஆண்டில் 30 விற்பனைகளை, ஒவ்வொன்றும் மூன்று நாள் வரை அனுமதித்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் கல்வியாண்டின் பாதி விலக்கிலேயே கழியும். 1972-இல் பின்னப்பட்ட முடிச்சு, அதாவது பள்ளியின் தேவைக்குப் பிள்ளையின் நாவைக் கருவியாக்கிய ஏற்பாடு, இங்கே அவிழாமலே நின்றது. இவ்விதி விற்பனையை மட்டுமே கட்டுப்படுத்தியது. வீட்டிலிருந்து வரும் பிறந்தநாள் கேக்கை அது தொடவில்லை. டெக்சஸ் மாநிலமோ 2005-இலேயே அத்தகைய கேக்குகளுக்குத் தனிச்சட்டம் இயற்றிக் காப்பளித்திருந்தது.

2016 ஜூலையில் விதி சிறு மாற்றங்களோடு இறுதி வடிவம் பெற்றது. அதன்பின் 2024 ஏப்ரலில் வந்த திருத்தம், பயறு வகைகளை அரைத்துச் செய்யும் ஹம்மஸ் போன்ற துவையல்களுக்குக் கொழுப்பு வரம்பிலிருந்து விலக்களித்தது. நல்ல உணவொன்றை விழுக்காட்டுக் கணக்கு தவறாகத் தள்ளிவைத்திருந்ததை ஒப்புக்கொண்ட திருத்தம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா, சிவப்பு 40, மஞ்சள் 5, மஞ்சள் 6, நீலம் 1, நீலம் 2, பச்சை 3 ஆகிய ஆறு செயற்கை நிறமிகள் சேர்ந்த உணவைப் பொதுப் பள்ளிகள் வழங்குவதையும் விற்பதையும் 2027 டிசம்பர் 31 முதல் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. கொழுப்பையும் சர்க்கரையையும் குறைத்துத் தேறிய பள்ளிப் பதிப்புகளுள் இந்த நிறமிகளால் பளபளப்பவை, எந்தக் கலோரிக் கணக்கும் கைகொடுக்காத நிலையில், மீண்டும் மாற்றிச் செய்யப்பட வேண்டும். அல்லது பள்ளியை விட்டு வெளியேற வேண்டும்.